பதினொரு நாள் கரிசனம்

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. குளிக்க ஏழு நிமிடம். துணி துவைக்க வியாழக்கிழமை. ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு மட்டும் அவளுக்கு. மருந்துக்கடையில் வேலை பார்த்த வீட்டுக்காரம்மா இதையெல்லாம் தாளில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தாள்.

மேற்படிப்புக்காகக் கடல் கடந்து வந்து அங்கே தங்கியவள், எட்டு மாதம் அந்தத் தாளுக்குப் பயந்தே வாழ்ந்தாள். தாளித்தால் திரைச்சீலையில் வாசம் ஏறுகிறது என்றார்கள், தாளிப்பதையே விட்டுவிட்டாள். பஸ் டிரைவரான வீட்டுக்காரர் அளந்துதான் பேசுவார். அவருக்கும் சேர்த்துப் பேசியது பத்து வயது மகள். அவளுக்கு இவள் வைத்த பெயர் வாயாடி.

ஆண்டுத் தேர்வு தொடங்கிய திங்கட்கிழமை காற்று திசை மாறியது. எட்டு நிமிடம் ஆகிவிட்டதே என்று அரக்கப்பரக்கக் குளியலறையிலிருந்து வெளியே வந்தவளிடம், "மெதுவா குளிச்சிட்டு வரலாமே, என்ன அவசரம்?" என்றாள் வீட்டுக்காரம்மா. மறுநாள் வீட்டுக்காரர் ஹீட்டர் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியையே அவளுக்குக் கொடுத்தார். அடுத்த நாள், "உனக்குப் பிடிச்ச மாதிரி தாளிச்சுச் சாப்பிடு, பரவாயில்ல" என்றார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஒருவழியா என்னையும் வீட்டுப் பொண்ணா சேத்துக்கிட்டாங்கம்மா."

"நல்லா இருக்கட்டும்." அம்மாவின் குரல் கம்மியிருந்தது. சளி என்றாள்.

"அப்பாகிட்ட குடேன்."

"மாத்திரை போட்டுட்டுத் தூங்குறாரு. நீ படி."

மறுவாரம் வியாழக்கிழமை. விடிந்தால் கடைசித் தேர்வு. தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த வாயாடி, பாட ஆரம்பித்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? பாடு."

"கூடாது. உங்க அப்பா செத்துட்டதால சத்தம் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

"எப்போ?"

"போன வாரம் திங்கக்கிழமை. உங்க அண்ணன் போன் பண்ணாரு. பரீட்சை முடியற வரைக்கும் உனக்குச் சொல்லக் கூடாதாம்."

சொல்லி முடித்த பிறகுதான் வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேட்டவள் யாரையும் கூப்பிடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா போனதைவிட, அந்தப் பதினொரு நாளும் தான் சந்தோஷமாக இருந்ததுதான் அவளை அறுத்தது. வெந்நீரில் ஆற அமரக் குளித்திருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்திருந்தாள். சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் போய்த் தேர்வு எழுதினாள்.

சாயங்காலம் கணவனும் மனைவியும் அவளை உட்காரவைத்து, ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் விஷயத்தைச் சொன்னார்கள். வாயாடி கதவோரம் நின்று, சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இவள் அப்போதுதான் கேட்பவள்போல் கேட்டுக்கொண்டாள். அழுகை மட்டும் வரவில்லை.

பிறகு சமையலறையிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, பாத்தீங்களா? இவளுக்காகத்தான் நாம அவ்வளவு பாடுபட்டோம்."

அடுத்த வாரமே ஏழு நிமிடம் திரும்பி வந்தது. நாற்காலியும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவள் ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டு, கிடைத்ததும் பெட்டியைக் கட்டினாள். "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

தேர்வு முடிவு ஹாஸ்டலில் இருக்கும்போது வந்தது. வகுப்பிலேயே முதலிடம். அண்ணன் போனில் பூரித்துப்போனான்.

"பாத்தியா? சொல்லியிருந்தா இந்த மார்க் வந்திருக்குமா?"

"அப்பா கடைசியா என்னைக் கேட்டாராண்ணா?"



"ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கேட்டுக்கிட்டே இருந்தாரு. உன் படிப்பு கெட்டுடும்னு நாங்கதான் போன் போட்டுக் குடுக்கல."

அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க, வீட்டிலிருந்து வந்த எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை.