சம்பந்திகளின் தவளை நீச்சல்

ஜஹானாராவுக்கு நீந்தத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முழுகாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடுவாள். போகிற வழியில் பக்கத்தில் வருபவளின் நாத்தனார் கதை, கறிக்கடைக்காரர் எலும்பைக் கூடுதலாகப் போட்ட கதை, கீழ்வீட்டில் மோட்டாரை நிறுத்தாமல் விட்ட கதை எல்லாவற்றையும் கேட்டு, தகுந்த பதிலும் சொல்லிக்கொண்டே போவாள். அதனால் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

பருத்திப்பட்டில், பூந்தமல்லி - ஆவடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் தகரம் அடித்த நீச்சல் குளம் அது. பதினொன்றரையிலிருந்து ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். முதுகுவலிக்கு நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் ஜஹானாரா பூந்தமல்லியிலிருந்து வந்து சேர்ந்தாள். அடுத்த வாரமே ஆவடியிலிருந்து ஃபஸீலாவும் வந்து சேர்ந்தாள். அவள் முதுகில் ஒரு குறையும் இல்லை. சம்பந்திக்கு ஒரு வலி இருக்கும்போது தனக்கு இல்லாமலிருப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தாளோ என்னவோ.

ஜஹானாராவின் ஒரே மகன் ராஷித்துக்கு ஃபஸீலாவின் மகள் ஷாகிதாவைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் திருநின்றவூரில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். சம்பந்திகளுக்குள் சண்டை என்பதே கிடையாது. இவள் பாயசம் அனுப்பினால் அவள் அதே பாத்திரத்தில் வட்டலப்பம் அனுப்புவாள். அவள் இவளுக்குப் புடவை எடுத்தால் இவள் அவளுக்கு அதைவிட ஜரிகை கூடிய புடவை எடுப்பாள். சண்டை போட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

கல்யாணமாகி வந்த முதல் நோன்புப் பெருநாள் பெண் வீட்டில்தான். அதுதான் முறை. "சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று ஜஹானாராவே அனுப்பி வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளும் புருஷன் சாதுல்லாவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். சாதுல்லா பாவம், நாலு வாய்க்கு ஒருதரம் "நல்லா வந்திருக்கு" என்றார். அவள் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம் என்று சொல்லிவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது பிள்ளை தன் வீட்டில் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

அதைத்தான் ஃபஸீலா நடுக்குளத்தில் வைத்து உடைத்தாள். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பிள்ளைங்க எங்க வீட்டுக்கே வந்துடட்டும் சம்பந்தி. நீங்களும் அண்ணனும் வந்துடுங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம், முதுகு வேற வலிக்குது."

ஜஹானாரா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டாள். "எனக்கு முதுகெல்லாம் சரியாயிடுச்சு."

"அப்படியா? மெதுவா வர்றீங்களே, இன்னும் வலிதான்னு நினைச்சேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போகக்கூடாதேன்னு கூட வந்தேன்."

குளத்திலிருந்த மற்ற பெண்கள் நீந்துவதை நிறுத்திவிட்டார்கள். பேச்சு வளர்ந்தது. அடுத்த வியாழக்கிழமை குளத்தின் ஒரு நீளம், தவளை நீச்சல், முதலில் போய்த் தொடுகிறவர் வீட்டில் பெருநாள் என்று வந்து நின்றது. "பந்தயம் கட்டறது நமக்குக் கூடாது சம்பந்தி" என்று ஃபஸீலா ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தாள். "யார் பந்தயம்னு சொன்னது? முன்னாடி போறவங்க விருந்துக்குக் கூப்பிடுறாங்க, பின்னாடி வர்றவங்க வர்றாங்க. இது எப்படிப் பந்தயமாகும்?" என்றாள் ஜஹானாரா. வாதம் என்று வந்துவிட்டால் அவளை யாரும் அசைக்க முடியாது. நீச்சலில்தான் கோட்டை விட்டிருந்தாள்.

மறுநாள் சீக்கிரமாக வந்து யுவராணியைப் பிடித்தாள். பெண்கள் நேரத்துக்குப் பயிற்சி சொல்லித் தருபவள் யுவராணி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவள், வாயைத் திறந்தால் ஒளிவு மறைவு கிடையாது.

"இன்னாம்மா, நீ நீஞ்சறியா, பஸ் வருதான்னு எட்டிப் பாக்கறியா?" என்றாள் யுவராணி. "கழுத்த அப்டி தூக்கினா இடுப்பு முழுகிடும். இடுப்பு முழுகினா காலு எங்க போயி ஒதைக்கும்? மூஞ்சிய தண்ணில வை."

"மூஞ்சியத் தண்ணிக்குள்ள வச்சா, பக்கத்துல பேசுறது காதுல விழாதே?"

"கேட்டு இன்னா பண்ணப் போற?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஜஹானாராவின் தவளை நீச்சலைக் கெடுத்ததில் வாய்க்குப் பாதி, காதுக்குப் பாதி பங்கு இருந்தது.

அதோடு போயிற்றா? கையை இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். "நெஞ்சத் தாண்டி கை பின்னால போவக்கூடாது. அங்கியே சேத்து முன்னால நீட்டிடு" என்றாள் யுவராணி. காலை வெறுமனே பின்னால் தள்ளினாள். "பாதத்த வெளிப்பக்கமா திருப்பும்மா, வாத்து நடக்கும் பாரு, அந்த மாதிரி. திருப்பி ஒதச்சி, ரெண்டு காலையும் சேத்துடு." சொல்லிவிட்டு, சரியாகத் திருப்புகிறாளா என்று பார்க்க அவள் இரண்டு பாதங்களையும் பிடித்தாள். ஒருத்தி தன் காலைத் தொடுகிறாளே என்று ஜஹானாரா பதறிப்போய் எழுந்து, யுவராணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். பாதி நேரம் இந்த மரியாதையிலேயே போனது.

ஆனால் அவளுக்கு வராமல் அடம்பிடித்தது வேறொன்று. உதைத்து முடித்ததும் கையை நீட்டிக்கொண்டு, தலையைக் கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் போக வேண்டும்.

"அவசரப்பட்டு அடுத்த கைய இழுக்காத. ஒதச்சது ஒதச்சாச்சு, சும்மா இரு. தண்ணியே இட்டுகினு போவும்."

சும்மா இருப்பதாவது! விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளை யார் சும்மா இருக்க விட்டார்கள்? நீட்டிய கை நீட்டியபடி இருக்கும்போதே அடுப்பில் ஏதோ தீய்வது போல மனசு அடித்துக்கொள்ளும், கை தானாக இழுத்துவிடும். வீட்டுக்கு வந்து ஸ்டூலின் மேல் குப்புறப் படுத்துப் பழகினாள். சாதுல்லா உள்ளே வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர், எப்போது கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை அது வந்தது. உதைத்தாள், நீட்டினாள், இழுக்க மறந்துவிட்டாள். உடம்பு தானாக வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் இவ்வளவு நிம்மதி இருக்கிறதென்று இத்தனை நாளாக ஒருத்தியும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபமே வந்தது.

வியாழக்கிழமை பாதிக் கூட்டம் நீந்த வரவில்லை, பார்க்க வந்திருந்தது. அம்மா ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமும் போன் செய்து வரச்சொல்லியிருந்ததால் ஷாகிதாவும் திருநின்றவூரிலிருந்து வந்து கரையில் நின்றாள். யாருக்குக் கைதட்டினாலும் வம்பு என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பத் தாமதமாகி, மணி பன்னிரண்டே கால் ஆகிவிட்டது.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க" என்றாள் யுவராணி. "தவள நீச்சல்ல சொவத்த ரெண்டு கையாலயும் ஒண்ணா தொடணும். ஒத்தக் கை வச்சா ஆட்டத்துல இல்ல." இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கல்யாண மண்டபத்து மைக்கில் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னால் ஸ்கூட்டர் இல்லாதவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி.

விசில் ஊதியதும் ஃபஸீலாதான் முந்தினாள். அவளுக்குக் கை பலம் ஜாஸ்தி. தலையைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே போனாள். "பெருநாளன்னிக்குக் காலையில இடியாப்பம் வச்சுக்கலாமா சம்பந்தி?" என்று கேட்டாள். பதில் இல்லை. "பாயாவா, குருமாவா?" அதற்கும் இல்லை. ஃபஸீலா திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஒரு ரப்பர் குல்லாயின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. இழுத்து, மூச்சு வாங்கி, உதைத்து, நீண்டு, அது பாட்டுக்கு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி கேட்டதற்குச் சம்பந்தி பதில் சொல்லாமல் போனது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

சுவர் ஒரு கை தூரத்தில் இருந்தது. கடைசி மூச்சுக்காக ஜஹானாரா தலையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாங்குச் சத்தம் காதில் விழுந்தால் முக்காட்டை இழுத்துத் தலையில் போட வேண்டும். யாரும் நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். ஜஹானாராவின் இடது கை தலைக்குப் போய், அங்கே இல்லாத முந்தானையைத் தேடி ரப்பர் குல்லாயைத் தடவியது. வலது கை மட்டும் சுவரைத் தொட்டது. முழு உடம்பு நீளம் பின்னால் ஃபஸீலா வந்து சேர்ந்தாள். அவளுக்கும் ஒரு கை சுவரில், ஒரு கை தலையில்.

பாங்கு முடிகிற வரை யாரும் பேசவில்லை. முடிந்ததும் யுவராணி சொன்னாள்: "ரெண்டு பேருமே அவுட்டு."

"நான்தானே முன்னாடி வந்தேன்! எல்லாரும் பாத்தாங்க!" ஜஹானாராவின் குரல் உடைந்துவிட்டது. விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் போய், பிள்ளை இல்லாத இன்னொரு பெருநாள் கண்ணில் நின்றது. "பாங்கு சொன்னா தலையை மூடாம என்ன பண்றது?"

"அதானே" என்றாள் ஃபஸீலா. "மூடாம என்ன பண்றது?" சம்பந்திகள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒரே கட்சியில் நின்றதும் அதுதான் முதல் தடவை.

"மூடு, வேணாம்னு யாரு சொன்னது? தொட்டுட்டு மூடும்மா" என்றாள் யுவராணி.

மறுபடி நீந்தலாமென்றால் நேரம் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஷாகிதா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். "மாமி, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. ஹஜ்ஜுப் பெருநாள் எங்க வீட்டுல. எல்லாரும் திருநின்றவூருக்கு வந்துடுங்க. நானும் அவரும் ஆக்குறோம். யாரும் எதுவும் எடுத்துக்கிட்டு வரக் கூடாது."

"உனக்குத்தான் கறி ஆக்க வராதே" என்றாள் ஃபஸீலா.

"ராஷித்துக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே" என்றாள் ஜஹானாரா.

பெருநாளன்று தொழுகை முடிந்து எல்லோரும் போனார்கள். "வாங்கம்மா, வாங்க மாமி" என்று ராஷித் வாசலில் நின்று கூப்பிட்டான். பெரிய மனுஷன் போல முன்னால் போய் ஃபேனைப் போட்டான். சம்பந்திகள் இருவரும் சோபாவில் வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுக்களையிலிருந்து அடிப்பிடிக்கும் வாசனை வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். "உட்காருங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

பிரியாணி கொஞ்சம் குழைந்திருந்தது. ராஷித் அம்மாவின் தட்டில் கறித்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தான். அவன் யாருக்கும் பரிமாறி ஜஹானாரா பார்த்ததில்லை, அவள்தான் விட்டதில்லையே. பெருமையாக இருந்தது. வலிக்கவும் செய்தது. இனி இவன் தன் வீட்டுக்கு வந்தால் அதற்கு விருந்து என்றுதான் பெயர் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாம் முறை போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ராஷித் ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். ரயில் வந்து நின்றதும், "மறுபடி எப்போம்மா வருவே?" என்று கேட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு போனிலும் அவனிடம் அவள் கேட்டுவந்த கேள்வி அது. அவன் என்ன பதில் சொல்வான் என்பதும் அவளுக்கு மனப்பாடம்.

"பார்க்கலாம்ப்பா, வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ரயில் நகர்ந்து, அவன் நின்ற இடம் மறைகிற வரை ஃபஸீலா பொறுத்திருந்தாள். "அப்படி என்ன வேலை சம்பந்தி உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல" என்றாள் ஜஹானாரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவனும் கொஞ்ச நாள் காத்துக்கிட்டு இருக்கட்டுமே."