சக்கரம் செருப்பா, காலா?

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு சிமெண்டுத் தரையைக் கண்டால் போதும், எதையாவது கொண்டுவந்து கொட்டிவிட வேண்டும். ரோடு போட்டால் ரோட்டில் சாமை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் புளி. பஸ் நிற்கிற இடத்தில் கொள்ளு. அவனவன் கொல்லையில் களம் இருக்கிறது, கொஞ்சம் சாணி கரைத்து மெழுகினால் ஆயிற்று. அதற்கு இடுப்பு வளையாது. கேட்டால், "இன்னா மாமா, கவர்மெண்டு எடந்தானே" என்பார்கள். கவர்மெண்டு இடம் என்றால் உங்க அப்பன் வூட்டு இடமா என்று திருப்பிக் கேட்டால், சடையனுக்கு வாய் ஜாஸ்தி என்று என்னைச் சொல்வார்கள்.

என் பொண்டாட்டி பச்சையம்மா புளி உலுக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு போனவள். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தும் நிற்க முடியவில்லை. ஜமுனாமரத்தூர் முகாமில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எங்கள் ஊர்ப் பாதையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வீட்டிலிருந்து ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் எப்படியோ தள்ளிக்கொண்டு போய்விடலாம். அங்கே போனால் படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத உயரப் படி.

உதவிப் பணம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வருஷத்துக்கு ஒருதரம் ஆபீஸர் வந்து பார்த்து, விரல் ரேகை எடுத்துக்கொண்டு போவார்கள். போன வருஷம் வந்தபோது மெஷின் உள்ளே மேஜை மேல் இருந்தது. இவள் வெளியே. இரண்டு பேர் இவளை அலாக்காகத் தூக்கினார்கள். பாதிப் படியில் புடவை விலகிவிட்டது. எவனோ சிரித்தான். எவன் என்று எனக்குத் தெரியும், அவனோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவள் சொன்னாள்: "இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது. நான் இன்னா மூட்டையா? நானா உள்ள போனா போறேன். இல்லாங்காட்டி செத்துட்டேன்னு எழுதிக்கட்டும்."

சொன்னால் சொன்னதுதான். எனக்கு இவளைத் தெரியும்.

அப்புறம் ஆபீஸ் கிளார்க்கு வெற்றிச்செல்வன் பின்னால் நான் அலைந்தது வேறு கதை. "வரும் பெரியவரே, ஃபண்டு வரும்" என்பான். நான் பார்த்த ஃபண்டெல்லாம் வருகிற வழியிலேயே இளைத்துப் போகிறது. ஆனாலும் வந்தது. படிக்குப் பக்கத்தில் சரிவாக சிமெண்டு போட்டு, ஓரத்தில் பைப்பு கைப்பிடி வைத்தார்கள். அதற்குப் பேர் சாய்தளமாம். அகலம் சரியாக ஒரு நாற்காலிக்குத்தான். சிமெண்டு காய்ந்த பிறகு பச்சையம்மா ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். யாரும் தள்ளவில்லை. தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு ஆபீஸ் பூட்டியிருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னா, கீழயே நின்னுக்கினு கீறே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதோடு சரி. சாமை அறுப்பு வந்துவிட்டது.

இந்த வருஷம் ஆபீஸர் வருகிற அன்றைக்கு இவள் நல்ல புடவை கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டாள். நான் தள்ளிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் சாய்தளம் மேலிருந்து கீழ்வரைக்கும் சாமை. கைப்பிடியில் கோணிப்பை. சும்மா கொட்டியிருந்தால் காலாலேயே ஒதுக்கிவிட்டிருப்பேன். இவளுக்குத் தங்கச்சி முறையான செல்லியம்மாள் சிமெண்டு மேல் சாணி மெழுகி, அதற்கு மேல் பரப்பியிருந்தாள். சாணி மெழுகித் தானியம் பரப்பிவிட்டால் எங்கள் மலையில் அது களம். களத்தில் செருப்பு ஏறக்கூடாது. கலெக்டரே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும்.

"செல்லி, அள்ளும்மா. உங்கக்கா உள்ள போவணும்."

"இப்பதான் மாமா பரப்பனேன். சாய்ந்தரம் அள்ளிடறேன்."

"சாய்ந்தரம் ஆபீஸர் போய்டுவாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? சரிவா கீது, தண்ணி நிக்காது, நல்லாக் காயும்னு கிளார்க்குதான் சொன்னாரு."

ஜன்னலில் தெரிந்த கிளார்க்குத் தலை உள்ளே போய்விட்டது.

"அப்போ வண்டிய அது மேலயே ஏத்தறேன், போ" என்றேன்.

"எப்பிடி ஏத்துவே? செருப்பும் ரப்பரு, அதுவும் ரப்பரு."

"அவ கால்ல செருப்பே இல்லடி!"

"அக்கா கால்ல இல்ல. வண்டி கால்ல கீதே!"

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூலிக்குக் கூப்பிட்டால் ஒருத்தனும் வரமாட்டான், நியாயம் பேச என்றால் ஊரே வரும். சக்கரம் செருப்பா, காலா என்று ஆரம்பித்தார்கள். மாட்டு வண்டி களத்துக்கு வருதே என்றான் ஒருத்தன். அது களத்து ஓரத்திலேயே நிக்கும் என்றான் இன்னொருத்தன். செருப்புன்னா கழட்டிட்டு வரட்டும் என்றது ஒரு கிழம். சக்கரத்தைக் கழட்டினா அப்புறம் எதுல வர்றது என்று நான் கத்தினேன். பச்சையம்மா ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஊர் நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டர் சிங்காரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவளுக்குத் தம்பி முறை. சாமையைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான்.

"அக்கா, உன் காலு நடக்குமா?"

"நடந்தா இதுல ஏன்டா குந்திக்கினு கீறேன்?"

"அப்போ எதால நடக்கறே?"

இவள் சக்கரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"அப்போ அதான் காலு. காலைக் கழுவிக்கினு களத்துல ஏறலாம். முடிஞ்சிது."

எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து இரண்டு சக்கரத்தையும் கால் கழுவுகிற மாதிரியே கழுவினார்கள். பச்சையம்மா குனிந்து ஒரு சிட்டிகை சாமை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு உருட்டினாள்.

ஈரச் சக்கரம். அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். எள்ளுருண்டை மாதிரி சக்கரம் முழுக்கச் சாமை அப்பிக்கொண்டது. பாதி ஏறினதும் கீழே இருக்கிற சாமை வழுக்க ஆரம்பித்தது. இவள் முன்னால் உருட்டுகிறாள், வண்டி பின்னால் வருகிறது. கையில் நரம்பு புடைத்துவிட்டது. "தூக்குங்கடா" என்றான் ஒருத்தன்.

"தூக்கினா கையை ஒடிச்சிடுவேன்!"

அதட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத் தானே கீழே இறங்கினாள். செல்லியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, ஒரு மொறம் சாமை சக்கரத்துலயே போச்சே" என்றாள். வழுக்கி விழ இருந்தது இவள், ஒப்பாரி அவளுடையது.

சத்தம் கேட்டு ஆபீஸர் அம்மா கோகிலவாணி வெளியே வந்தாள். சின்ன வயசு. கெட்ட பெண் இல்லை, பொய் சொல்லக் கூடாது. விஷயத்தைக் கேட்டதும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள்.

"நீங்க ஏன்மா கஷ்டப்படறீங்க? நானே வர்றேன்."

பச்சையம்மா விரலை வைத்தாள், மெஷின் கத்தியது. "உயிரோட இருக்கீங்க!" என்று சிரித்தாள் ஆபீஸர் அம்மா. கூட்டமும் சிரித்தது. எல்லோருக்கும் திருப்தி.

பச்சையம்மா சிரிக்கவில்லை. "நான் உள்ள போவணும்னு வந்தேன்" என்றாள்.

"அதான் வேலை முடிஞ்சிடுச்சேம்மா."

"உங்க வேலை முடிஞ்சிது" என்றேன் நான்.

ஆபீஸர் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கிளார்க்கைக் கூப்பிட்டு எல்லோர் எதிரிலும் திட்டினாள். திட்டு வாங்கினதும் அவனுக்கு யோசனை ஊறிவிட்டது. "மேடம், நடுவுல பெயிண்ட் கோடு போட்டுடறேன். பாதி வண்டிக்கு, பாதி சாமைக்கு."

"வண்டியே அந்த அகலம்தான். எந்தப் பாதிப் பொண்டாட்டிய நான் ஏத்தறது?"

"அப்போ போர்டு வைக்கிறேன் பெரியவரே. இங்கே தானியம் காய வைக்கக் கூடாதுன்னு."

"வை. துணி காயப்போட ஆவும்."

சொல்லி வாய் மூடவில்லை, தூறல் விழுந்தது. பெரிய மழைகூட இல்லை, நாலு சொட்டு. உடனே பார்க்க வேண்டுமே! முறம், கூடை, கோணிப்பை, துடைப்பம். நியாயம் பேசிக்கொண்டிருந்தவன், சிரித்தவன், ஊர்க்கவுண்டர் எல்லோரும் குனிந்தார்கள். கிளார்க்குகூட கையால் அள்ளினான். நான் வண்டியைத் திருப்புவதற்குள் சாய்தளம் சுத்தம். ஒரு மணி சாமை இல்லை.

"பெரியவரே, காலி ஆயிடுச்சு! வாங்க, இப்போ ஏத்துங்க!" என்று கிளார்க்கு கத்தினான். ஏதோ அவனே பண்ணிக் கொடுத்த மாதிரி.

நான் இவளைப் பார்த்தேன். இவள் சக்கரத்தில் ஒட்டின சாமையைச் சுரண்டிச் சுரண்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா, போலாமா உள்ள?"

"மழைக்கு அள்ளினாங்க. எனக்கு அள்ளல. வூட்டுக்குத் தள்ளு." மடியை முடிந்துகொண்டு, "இந்தச் சாமைய செல்லிகிட்ட குடுத்துடணும்" என்றாள்.

"குடு. மெழுகறதுக்குச் சாணியும் நாமளே குடுத்துடலாம்."

பின்னால் ஆபீஸர் அம்மா, "அடுத்த வருஷம் கண்டிப்பா நீங்க உள்ள வருவீங்கம்மா, நான் பொறுப்பு" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் அடுத்த அறுப்புக்குள் அவளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். செல்லியம்மாளை யாரும் மாற்றமாட்டார்கள். "நம்புங்க பெரியவரே!" என்று கிளார்க்கும் ஒரு கத்து கத்தினான்.

நான் திரும்பவில்லை. முன்னால் பள்ளம் இருந்தது, அதைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனேன்.