கடைசிவரை பார்த்த முப்பத்தெட்டுப் பேர்

தசரதனுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. லட்சம் பேர் பார்க்க வேண்டும், தெருவில் போனால் நாலு பேர் அடையாளம் கண்டு கைகொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவன் கனவு கண்டதில்லை. மனைவி வேலைக்குப் போன நேரத்தில் எடுத்து, அவள் போகிற காலை ஷிப்டின் பேரால் 'ஏ ஷிப்ட் சமையல்' என்று அவன் போடுகிற வீடியோவை எட்டு மாதமாகத் தினமும் முப்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். அது போதும் அவனுக்கு. அதிலும் ஒருத்தர்கூடப் பாதியில் எழுந்து போவதில்லை. எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள் என்று காட்டுகிற கோடு, இவன் வீடியோவுக்கு மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும்.

"ஆயிரம் பேர் பாக்கறவனுக்கே ரெண்டாவது நிமிஷத்துல பாதிப் பேரு ஓடிடறாங்கோ, காவேரி. நம்ம ஆளுங்க கடைசி வரைக்கும் குந்திகினு பாக்கறாங்கோ," என்பான்.

காவேரி "ம்" என்பாள். அந்த முப்பத்தெட்டுப் பேர் யார் யார் என்று அவன் மனைவிக்குப் பேர் பேராகத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள்தான், அவளையும் சேர்த்து. பஸ் கிளம்பியதும் முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை போய், "அக்கா, போட்டு வுடுக்கா" என்று கெஞ்சிவிட்டு வருவாள். அவர்களும் போட்டுவிட்டு, சத்தத்தை அடைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவார்கள். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வரை அது பாட்டுக்கு ஓடும். ஒன்பது நிமிஷ வீடியோவுக்கு அந்த நேரம் தாராளம்.

யாரையும் ஏமாற்ற அவள் இதைச் செய்யவில்லை. போன வருஷம் ஏழாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை, ஒரு மூச்சுகூட விடாமல் போய்விட்டது. காவேரி ஆஸ்பத்திரியில் கிடக்க, தசரதன்தான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், பெரியப்பா மகன் ரகுபதியின் கொல்லை நிலத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தான். எந்த இடம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதோடு அவன் வேலைக்குப் போவதை விட்டான், பேசுவதையும் விட்டான். நாலு மாதம் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு நாள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, "வணக்கம் மக்களே, இன்னிக்குக் காராமணிக் குழம்பு" என்றான். வாய் திறந்தானே, அதுவே பெரிசாக இருந்தது அவளுக்கு. பார்க்க ஆளில்லை என்று தெரிந்தால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் பஸ்ஸில் தினம் தினம் பிச்சையெடுத்தாள்.

ஊரையெல்லாம் பார்க்க வைத்தவள் தான் மட்டும் பார்க்கவில்லை. முதல் இரண்டைப் பார்த்தாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன் உப்பு, புளி என்று எப்படி இவ்வளவு குஷியாகப் பேசுகிறான் என்று வயிறு எரிந்தது. மூன்றாவதிலிருந்து அவளும் சத்தத்தை அடைத்துவிட்டுத் தூங்கினாள். பக்கத்து சீட்டு அம்சவல்லி ஒரு நாள், "சமையல் முடிஞ்ச பிறகும் உன் வூட்டுக்காரரு கேமரா கிட்ட வந்து இன்னாவோ பேசறாருடி, இன்னான்னு கேளு" என்றாள். "இன்னா பேசப் போறாரு, பாத்திரம் வெளக்கறதப் பத்திப் பேசுவாரு, வுடுக்கா," என்று காவேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கான்ட்ராக்ட் பெண்களை வருஷம் ஆவதற்குள் கழற்றிவிடுவது அந்தக் கம்பெனியில் வழக்கம். போன சனிக்கிழமை மொத்த பேட்ச்சையும் நிறுத்திவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு திரும்பிப் போய்ச் சேர்ந்தவள் என்பதால் காவேரிக்கு மட்டும் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் புது முகங்கள். யாரிடம் போய்க் கெஞ்சுவது என்று தெரியாமல் தன் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தபோது தசரதன் அடுப்பே பற்றவைக்காமல் போனை வெறித்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா ஒரே ஒருத்தர்தான் பாத்துகீறாங்கோ. அதுவும் நீயாத்தான் இருப்ப," என்றான். "போன வாரம் நான் அதப் பேசியிருக்கக் கூடாது. சாப்பாடு பாக்க வர்ற ஜனங்ககிட்ட எழவு பேசுனா யாரு இருப்பாங்கோ?"

எதைப் பேசினான் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முகம் புரிந்தது. நாலு மாதம் பார்த்த அதே முகம். செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இந்த மனுஷன் மறுபடி ஊமையாவதற்கு, உண்மையைச் சொல்லித் திட்டு வாங்குவது மேல் என்று தோன்றியது. பஸ், மடி, தூக்கம், எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் திட்டவில்லை.

"எல்லாரும் தூங்கிகினா இருந்தாங்கோ?"

"ஆமாங்க."

"நீயாவது கேட்ட இல்ல?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"மத்தவங்கள எழுந்து போவச் சொல்லிட்டுத்தான் பேசுனேன், காவேரி. தெனமும் சொன்னேன். ஒருத்தரும் போவல. நம்ம கஷ்டத்தக் கேக்க இத்தினி பேரு இருக்காங்களேன்னு நெனச்சுகினு இருந்தேன்." போனை அவளிடம் நீட்டினான். "சத்தம் வெச்சுக் கேளு." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றான்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளினாள். முதல் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் அவன் அடுப்பை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தான். "மக்களே, நீங்க போய்ட்டு வாங்க. இனிமே பேசறது என் வூட்டுக்காரிக்கு. நேருல பேச வாய் வர்ல."

ஒரு நாள், "மூக்கு உன்னுது மாதிரியே இருந்துச்சு. முடி நெறைய." இன்னொரு நாள், "செந்தாமரைன்னு பேரு வெச்சுகீறேன். புடிக்கலன்னா சொல்லு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து குழம்பில் காரம் அதிகம் என்று அவள் சண்டை பிடித்திருந்தாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது இப்போது ஞாபகம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் அவன் சமைத்ததே கொஞ்சம்தான். "ரகுபதி கொல்லைய வித்துட்டான், காவேரி. ஞாயித்துக்கிழம சுத்தித் தகரம் அடிக்கறாங்கோ. அப்புறம் உள்ள வுட மாட்டாங்கோ. அதுக்குள்ள ஒரு தபா வந்து பாக்கறியா? நான் கட்டாயப்படுத்தல. வர்றதா இருந்தா, வூட்டுக்கு வந்ததும் போலாமான்னு மட்டும் கேளு. கேக்கலன்னா நான் புரிஞ்சுக்கறேன்."

அன்றைக்கு அவள் தலைவலியோடு வந்து டீ கேட்டாள். அவன் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

காவேரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. பிறகு முகத்தைக்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போனாள்.

"போலாமா?" என்றாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான்.

கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் நீலத் தகரம் அடித்திருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, உள்ளே வேலை நடக்கிறது, யாரையும் விட முடியாது என்றான். பின்பக்கம் சுற்றிப் போய் ஓரிடத்தில் தசரதன் நின்றான்.

"இங்கதான். இதுக்கு அந்தாண்ட."

"எவ்ளோ தூரம்?"

"நாலு எட்டு."

அவள் தகரத்தில் கையை வைத்தாள். வெயிலில் கொதித்தது, எடுக்கவில்லை. உள்ளே மண் அள்ளுகிற வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தகரத்துக்கு வாயைக் கொண்டுபோய், முதல் தடவையாக, "செந்தாமர..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாக் கூப்புடு, காவேரி," என்றான் தசரதன். "வண்டி சத்தத்துல கொழந்தைக்குக் கேக்காது."