ஐந்து சதவீதக் காற்று

பெட்டியின் கதவைத் திறந்தால் பத்து நொடிக்குள் மூடிவிட வேண்டும். அந்தக் கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பதினாறு வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்து வந்தவளே அவள்தான். வெளிக்காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று. கருக்களை வளர்க்கும் பெட்டிக்குள் வெறும் ஐந்து. அதற்கு மேல் போனால் கருவுக்கு ஆகாது. அன்று காலை அவள் கதவைத் திறந்து யாரோ ஒருத்தியின் தட்டை உள்ளே வைத்தாள். வைத்துவிட்டுக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பக்கத்துத் தட்டில் அவளுடைய ஓரகத்தியின் கருக்கள் இருந்தன. மூன்று நாள் வயது. நான்கும் முத்து முத்தாக.

கொழுந்தன் பெண்டாட்டியை இங்கே அழைத்துவந்ததும் அவள்தான். "அக்கா கைராசி எனக்குப் போதும், வேற யாரும் தொட வேணாம்" என்று சின்னவள் டாக்டரிடமே அடம்பிடித்தாள். மாமியார் ஒரு படி மேலே போய், "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். ஊரார் பிள்ளைகளை அவள் கொஞ்சமாகவா வளர்த்தாள்? இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். இதே பெட்டியில் மூன்று தடவை வைத்துப் பார்த்த அவளுடைய கருக்கள்தான் நான்காம் நாளைத் தாண்டவில்லை. அதை மாமியாரிடம் சொல்லிப் பயன் இல்லை.

இருவருக்கும் கர்ப்பப்பையில் ஒரே நோய். பெரியவள் பதினாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கும் நாட்களில் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஓட்டினாள். சின்னவள் அப்படியில்லை. வலித்தால் கூடத்து நடுவிலேயே சுருண்டு படுத்து, "அம்மா, செத்தேன்" என்று கத்துவாள். மாமியார் வெந்நீர்ப் பையோடு ஓடி வருவாள். அன்று காலைகூடச் செருப்பை மாட்டும்போது கணவன் சொன்னான், "பாவம் அந்தப் பொண்ணு, இது மட்டும் நடக்கலேன்னா தாங்காது." தன்னைப் பார்த்து அவன் ஒரு நாளும் பாவம் என்று சொன்னதில்லை. கத்தாதவளுக்கு யார் பாவம் பார்ப்பார்கள்?

பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்றாலும் சரி. அழுகையிலும் சின்னவளுக்கே முதலிடம், முதல் முயற்சியிலேயே நான்கும் தேறியதிலும் அவளுக்கே முதலிடம் என்றால் எரியாதா?

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் சௌகரியமாகப் போயிருக்கும். போன மாதம் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, "ஆக்சிஜன் நல்லதுதானேக்கா, அது எப்படிக் கெடுக்கும்?" என்று கேட்டாள்.

"நல்லதுதான். மிஞ்சினாத்தான் வம்பு. நம்ம நோயில, கர்ப்பப்பைக்குள்ள வளர வேண்டிய சவ்வு வெளியயும் ஒட்டிக்கிட்டு வளருது. மாசாமாசம் அங்கயும் ரத்தம் கசியுது, வெளிய வர வழியில்ல. ரத்தத்துல இரும்பு இருக்கு. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தா?"

"துரு பிடிக்கும்."

"கிட்டத்தட்ட அதேதான். பக்கத்துலயே முட்டை இருக்கு. அதையும் அரிக்குது."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கடை ஆணி," என்று சொல்லித் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். தோளை விலக்கிக்கொள்ளவில்லை.

கதவு திறந்திருக்க, பெட்டியின் சின்னத் திரையில் ஆக்சிஜன் எண் ஏறியது. ஆறரை. ஒன்பது. பன்னிரண்டு. ஒரு நிமிடம் ஆனால் அலாரம் அடிக்கும். கை மூடு என்றது; மனம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. அந்த நேரத்தில் அவள் எதையுமே யோசிக்கவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். இரண்டாவது வெந்நீர்ப் பை அந்த வீட்டில் யாருக்கும் வாங்கப்படவில்லை என்பதைத்தான் யோசித்தாள்.

பதினாறு என்று காட்டியபோது சட்டென்று மூடினாள். அலாரம் அடிக்கவில்லை. அடித்தால்தான் பதிவேட்டில் எழுத வேண்டும், அதனால் எழுதவும் இல்லை. கருக்களின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறது, காற்று இறங்க நேரம் பிடிக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இதை அவள் படித்திருக்கிறாள், பாடமும் நடத்தியிருக்கிறாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பார்த்தபோது இரண்டு நன்றாக வளர்ந்திருந்தன. இரண்டு நின்றுபோயிருந்தன. "இந்த நோய்ல பாதி தேறினதே பெரிய விஷயம், சந்தோஷப்படுங்க" என்றார் டாக்டர். நின்ற இரண்டும் துருவால் நின்றனவா, தானாகவே நின்றனவா, அவளால் நின்றனவா என்று சொல்ல எந்த மைக்ராஸ்கோப்பாலும் முடியாது. அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

கருவை உள்ளே வைக்கும் அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. மெல்லிய குழாயில் ஒரு கருவை உறிஞ்சி எடுத்துக்கொண்டு அவள் அங்கே வந்தாள். படுக்கையில் இருந்த சின்னவள் தலையைத் திருப்பினாள்.

"அக்கா, மத்த ரெண்டும் ஏன்க்கா நின்னுச்சு? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லடி."

"மருந்த ரெண்டு நாள் நேரம் தப்பிப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அதனாலயா?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"அப்ப யாருக்கா?"

டாக்டர் கையுறை போட்ட கையை நீட்டி, "சீக்கிரம்மா, கரு வெளிய நிக்கக் கூடாது" என்றார். அவள் குழாயைக் கொடுத்தாள். அறையின் விளக்கைக் குறைத்தார்கள். ஸ்கேன் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி மின்னி இறங்கியது. "அதோ பாருங்க, போய் உக்காந்துடுச்சு" என்றார் டாக்டர். நர்ஸ் பார்த்தாள், கால்மாட்டில் நின்ற கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். சின்னவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திறப்பில் தெரிந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.