எதிரணியின் ஒன்பதாம் நம்பர்

...அதற்கென்ன, படித்துவிட்டுப் போகிறேன், பெயர்தானே, பதினோரு பெயரில் அதுவும் ஒன்று, எதிரணிக்காரர்களை எப்போதும் படிக்கிற மாதிரி, நம்பர், பெயர், நம்பர், பெயர், மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஃபுட்பால் கிளப் செயலாளரும் அதைத்தான் சொன்னார், இந்த மைக் அறைக்கு மாடிப்படி ஏறி வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எந்த வம்பும் வேண்டாம்மா, பேரைச் சாதாரணமா படிச்சிடு, அவன் இப்ப அவங்க ஆளு" என்றார், "சரி சார்" என்றேன், சரி சொல்வதற்கு என்ன காசா பணமா. ஆனால் அவர் இறங்கிப் போனபிறகு இந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் வேறெந்தப் பெயரும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. ஒன்பதாம் நம்பர். அங்கே போயும் அதே நம்பர் கேட்டு வாங்கியிருக்கிறான், பார், அதிலெல்லாம் குறைச்சலில்லை. முழுப்பெயரும் அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக அடித்திருக்கிறார்கள், யாரோ அரசு அதிகாரி பெயர் மாதிரி இருக்கிறது, இந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டால் இந்த ஊரில் ஒரு நாய்கூடத் திரும்பாது, அவன் எங்களுக்குக் கொசு, அவ்வளவுதான்.

கொசு என்று யார் முதலில் சொன்னது? கிழக்குக் கேலரியில் யாரோ, பாட்டில் ஃபேக்டரி ஆட்கள் உட்காரும் பக்கம், அவனோ ஒரு முழம் உயரம், எதிரணித் தடுப்பாட்டக்காரர்களோ மலை மலையாக நிற்கிறார்கள், இவன் ஒருத்தன் காதோரம் போகிறான், இன்னொருத்தன் காலிடுக்கில் வருகிறான், அவர்கள் கையை வீசி வீசித் திரும்புவதற்குள் பந்து வலையில் கிடக்கிறது, "அடேய், கொசு மாதிரி மொய்க்கிறான்டா!" என்று ஒரு குரல், முடிந்தது, ஒட்டிக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஒருத்தர் என்னிடம் கேட்டார், "ஏம்மா, மைதானம் முழுக்க கொசு கொசுன்னு கத்தறாங்களே, மருந்து அடிக்கலையா?" என்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்கு மருந்தே கிடையாது சார்" என்றேன். அப்போதெல்லாம் வாய் நன்றாக வந்தது எனக்கு. வெளியே எங்கேயாவது போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், முன்னெல்லாம் "ஃபேக்டரி மூடினாங்களே, அந்த ஊரா?" என்று உச்சுக்கொட்டுவார்கள், செத்த வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரி, பிறகு பிறகு "ஓ, கொசு ஊரா!" என்று ஆரம்பித்தார்கள், கண் விரியும், உட்கார நாற்காலி போடுவார்கள். அதெல்லாம் சின்ன விஷயமா?

இவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டுக்காரர், கிழக்குக் கேலரி, இரும்புத் தூணுக்குப் பக்கத்தில், இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சட்டை நிறம் தெரிகிறது, காலையில் தானே இஸ்திரி போட்டுக்கொண்ட சட்டை. அவர் தலைக்குப் பின்னால் ஃபேக்டரிப் புகைக்கூண்டு, புகையில்லாமல், சும்மா. உலை முன்னால் நின்று வேலை பார்த்த மனிதர், இப்போது ஒரு துணிக்கடை வாசலில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறார், நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, கேட்டால் நொறுங்கிப்போவார். அந்த மனிதருக்கு வாரம் முழுக்க உயிர் இருந்ததே ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். கோப்பையை ஜெயித்த அன்றைக்குக் கொசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார், மறுநாள் தோள் பிசகிக் கையைத் தூக்க முடியவில்லை, தைலம் தேய்க்கவா என்றால், "வேண்டாம், இருக்கட்டும்" என்றார், வலி போய்விடக்கூடாது என்று கவலைப்பட்ட மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மனிதர்தான் இன்று முகம் மழித்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறார், என்னைப் பார்த்துக்கூட இல்லை, "நீ அவன் பேரைப் படிச்ச உடனே நாங்க எல்லாரும் திரும்பி நிப்போம். முதுகைப் பார்க்கட்டும்." எல்லாரும் என்றால் என்றேன். "கேலரி முழுக்க. பேசியாச்சு." கொசுவுக்கா இப்படி என்று கேட்டேன். "அந்தப் பேரை என் காதுல போடாதே." சரி போடவில்லை, காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கவலையாக இருக்கிறது. அவனுக்காக இல்லை, அவன் தாங்கிக்கொள்வான், அவனுக்கு அங்கே ஆயிரம் இருக்கிறது. இவர்களுக்காக. நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நின்றதே அவனால்தான், அவனுக்கே முதுகைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்புறம் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? அந்தத் தோள்வலியையும் தூக்கிக் குப்பையில் போட்டமாதிரிதானே. அதற்குச் சைகை என் குரலாம். நான் பெயரைப் படித்ததும் திரும்புவார்களாம். நல்ல வேலை கொடுத்தார்கள் எனக்கு.

எனக்கும்தான் கோபம் இல்லையா என்ன, நிறைய இருக்கிறது. ஆனால் அவனை இங்கே இருந்து என்ன செய்யச் சொல்கிறார்கள்? சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, முட்டி வீங்கினால் ஐஸ்கட்டிக்கு மீன் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், தன் காலை ஊருக்கு எழுதியா கொடுத்திருக்கிறான்? வாரநாளில் நான் உட்காருவது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு அறையில், இந்த ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள், ஃபேக்டரி மூடிய வருஷம் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், பாய் தலையணையோடு, தையல் மிஷினோடு, அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லையே. அவனும் அப்படித்தான் வந்தான், ஒரே ஒரு பை, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாதாம், பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கும் தெரிந்தது, அத்தனை பேரும் தெரியாத மாதிரி பேப்பர் படித்தார்கள், டீ குடித்தார்கள். என் ஜன்னலுக்கு வந்து, "அக்கா... போயிட்டு வரேன்" என்றான். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "ஜன்னல் சீட் கிடைச்சுதா?" என்று கேட்டேன், மண்டு மாதிரி. கிடைத்தது என்று தலையாட்டினான். அந்த பஸ்ஸை ஒருமுறை அறிவித்தால் போதும், நான் மறுபடி மறுபடி அறிவித்தேன், ஊருக்கே கேட்கட்டும் என்று, கிளம்புவதற்குள் யாராவது ஓடிவந்து அவன் கையைப் பிடித்து, போய்வா என்றோ போகாதே என்றோ ஏதோ ஒன்று சொல்லமாட்டார்களா... இவர் வீட்டில்தான் இருந்தார், ஸ்பீக்கர் சத்தம் எங்கள் தெருவுக்குக் கேட்கும், வரவில்லை.

வந்துவிட்டார்கள். எதிரணி முதலில், நடுக்கோட்டில் வரிசையாக. எங்கே... அதோ, கடைசிக்கு முன்னால், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, அந்த ஆரஞ்சு ஜெர்சி ஒட்டவே ஒட்டாது அவனுக்கு, கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், நன்றாகச் சாப்பிடப் போடுகிறார்கள் போலிருக்கிறது, இருக்கட்டும். கிழக்குக் கேலரி எழுந்து நிற்கிறது. மைக்கைப் போடு. தொண்டையைச் செருமு. நம்பர் ஒன்று, பெயர். நம்பர் இரண்டு. ஒன்றும் கஷ்டமில்லை, மளிகைச் சீட்டு, துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, இதில் என்ன இருக்கிறது... அவன் இங்கே ஆடியபோது ஒரு நாள் மைக் ஒயர் கழன்றிருக்காவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நம்பர் ஒன்பது என்று சொன்னதும் மைக் செத்துப்போய்விட்டது, நான் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், அதற்குள் ஜனங்களே "கொசூ!" என்று முடித்துவிட்டார்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. அதிலிருந்து நான் நம்பரை மட்டும் சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவேன், பெயரை அவர்கள் சொல்வார்கள், அது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு, யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. திங்கட்கிழமை தொண்டை கட்டாமல் வருகிறவனை, "ஏன், நேத்து வரலையா?" என்று கேட்பார்கள். நம்பர் ஏழு, படித்தாயிற்று. நம்பர் எட்டு, படித்தாயிற்று. அங்கே தோள்கள் அசைய ஆரம்பித்துவிட்டன, திரும்பத் தயாராக, இவரும்தான், நம்பர் ஒன்பது,

நின்றுவிட்டது. நாக்கு அங்கேயே நின்றுவிட்டது, ஐயோ, படி, படித்துத் தொலை, பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஒரு மூச்சு, அந்த ஒரே மூச்சு, அதற்குள், "கொசூ!" மொத்த மைதானமும். நாலு கேலரியும். கிழக்குக் கேலரி பாதி திரும்பிய நிலையில், முக்கால் திரும்பிய நிலையில், சிலபேர் முழுக்க முதுகைக் காட்டியபடி, எல்லாரும் தொண்டை கிழிய, இவர் முழுசாகத் திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கி, அந்தப் புகைக்கூண்டைப் பார்த்துக் கத்துகிறார், கொசூ என்று! கத்தி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே அவர்களுக்கு உறைக்கிறது. பிறகு யாரோ "அட சனியனே!" என்று தலையில் அடித்துக்கொள்ள, அங்கே ஒரு சிரிப்பு, இங்கே ஒரு சிரிப்பு, அப்படியே நாலு பக்கமும் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்ட வந்தவர்களே ஒருத்தரை ஒருத்தர் குத்திக்காட்டிச் சிரிக்கிறார்கள், கீழே செயலாளர் என்னை அண்ணாந்து பார்த்து நெற்றியில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார், நிற்கட்டும். அவன் குனிந்துவிட்டான். ஷூ லேஸைக் கட்டுகிறான், அவிழாத லேஸை. பக்கத்தில் நிற்கிற அவன் புது ஆட்கள் முழிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. டிவியில் பார்க்கிறேனே, அந்தப் பெரிய மைதானத்தில் அவன் கோல் போட்டால் முழுப்பெயரைச் சுத்தமாகச் சொல்லிக் கைதட்டுகிறார்கள், மரியாதையாக. என்ன விலை கொடுத்தாலும் அங்கே யாரும் அவனைக் கொசு என்று கூப்பிடப்போவதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த ஓட்டைக் கூரையும் வேலையில்லாத ஜனமும் சேர்ந்து போட்ட சத்தம் அது, இத்தனை நாளாக அவன் எடுத்துப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அது எங்கள் தொண்டையிலேயே அல்லவா இருந்திருக்கிறது. நான் மறந்துபோய் நிறுத்தினேனா, இல்லை, வேண்டுமென்றே நிறுத்தினேனா... செயலாளர் கேட்பார், இவர் கேட்பார், என்ன சொல்ல, எனக்கே தெரியாது.

பத்து, பதினொன்று, முடிந்தது. இனி நம் ஆட்கள். கோல்கீப்பருக்குக் கைதட்டல், மற்றவர்களுக்கும் நல்ல கைதட்டல், சிரித்த சூட்டில் எல்லாரும் தாராளமாக இருக்கிறார்கள். எட்டு. அடுத்தது நம் ஒன்பது, கொசு போனபிறகு அந்தச் சட்டையைப் போட்டவன், லாரி ஷெட்டில் டயர் மாட்டுகிறவன், நெட்டையாக, தலையைக் குனிந்துகொண்டே நிற்பான், யாரோ ஒருத்தர் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டவன் மாதிரி. நன்றாகத்தான் ஆடுகிறான். போன வாரம்கூட மழையில் வழுக்கி விழுந்து, விழுந்தபடியே ஒரு கோல் போட்டான், நாலு பேர் தட்டினார்கள். நானும் இந்த சீசன் முழுக்க அவன் நம்பரையும் பெயரையும் ஒரே மூச்சில் ஒட்டவைத்துப் படித்து அடுத்தவனுக்குப் போயிருக்கிறேன், அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடவேண்டும் என்று, ஒருநாளாவது நின்றேனா? "நம்பர் ஒன்பது" என்றேன். நிறுத்தினேன். இந்தமுறை எனக்குத் தெரிந்துதான். அவன் தலையைத் தூக்கி இந்தக் கண்ணாடியைப் பார்த்தான், முதல்முறையாக அவன் முகத்தை முழுசாகப் பார்க்கிறேன். மைதானம் அமைதியாக இருந்தது. எதிர்ப்புறம் இவர் மெல்லத் திரும்பினார், அவனைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், அவர்களும் இவரைப் பார்த்தார்கள், அவனை என்னவென்று கூப்பிடுவது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.