மதினி கொடுத்த தண்ணீர்

தன் பிள்ளைக்கு நாத்தனார் பெர்சிஸ் சரியாகச் சோறு போடுவதில்லை என்று ரூபி முடிவுகட்டி ஒரு வாரமாகிறது. சும்மா இல்லை, கண்ணால் பார்த்துத்தான். நாலு வயது ஷாரோனுக்குக் கவுன் தோளில் நிற்கவில்லை. ஐந்தருவியில் பழக்கடையை அடைத்துவிட்டு ரூபி தென்காசி வீட்டுக்கு வந்தால், பிள்ளை டம்ளரும் கையுமாகவே நிற்கிறாள். டவுன் சின்ட்ரோம் பிள்ளை. பசிக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லத் தெரியாது. அது சிலருக்கு வசதியாகப் போயிற்று. வெறும் தண்ணீரை ஊற்றி வயிற்றை நிரப்பிவிட்டால் ஊட்டுகிற வேலை மிச்சம்தானே?

"முன்னவிட ரெண்டு உருண்டை கூடத்தான் திங்குதா," என்றாள் பெர்சிஸ்.

"அப்பம் ஏன் மதினி இப்படி மெலியுதா? படுக்கைய வேற நனைக்குதா."

"சாரல் காலத்துல எந்தப் புள்ள நனைக்கல?"

அதை மட்டும் ரூபி நம்பினாள். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் எல்லா வீட்டுக் கொடியிலும் போர்வை தொங்கும். மற்றது எதையும் நம்பவில்லை. "இனிமே ஒரு டம்ளருக்கு மேல தண்ணி குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். தண்ணீரை நிறுத்தினால் சோறு போட்டுத்தானே ஆகவேண்டும். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆளில்லாத கடையில் என்ன வேலை? ரூபி பதினொரு மணிக்கே வீடு திரும்பினாள். அடுப்படி மூலையில் குத்தவைத்து, பெர்சிஸ் பிள்ளையின் வாயில் செம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ரூபி செம்பைப் பிடுங்கி வீசினாள். பிள்ளையைத் தூக்கினால் தலை துவண்டு தோளில் விழுந்தது. மூச்சு புஸ்புஸ்ஸென்று வாங்கியது. அதில் கனிந்து அழுகின பழ வாடை. பழக்காரிக்குத் தெரியாத வாடையா?

"அழுகுன பழத்தயா குடுத்திய?" என்று கத்திக்கொண்டே ஆட்டோ பிடித்தாள். பெர்சிஸ் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா பிள்ளையின் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். "பழம் இல்லம்மா, சர்க்கரை. ரொம்பக் கூடிப்போச்சு, அந்த வாடைதான் இது. இன்சுலின் சுரக்கிற இடத்த உடம்பே எதிரின்னு நினைச்சு அழிக்குது. இந்தப் பிள்ளைகளுக்கு தைராய்டு, சர்க்கரையெல்லாம் சின்ன வயசுலேயே வர வாய்ப்பு கூட. எவ்வளவு சாப்பிட்டாலும் மெலியும், தாகம் அடங்காது. கேட்டப்பெல்லாம் தண்ணி குடுத்தீங்களா?"

ரூபி பிள்ளையின் கவுனைத் தோளில் ஏற்றிவிட்டாள்.

"இவ குடுக்கக் கூடாதுன்னா. நாந்தான் இவளுக்குத் தெரியாமக் குடுத்தேன், செம்பு செம்பா," என்று பெர்சிஸ் அழுதாள்.

"நல்லவேளை குடுத்தீங்க. இல்லாட்டி கைமீறிப் போயிருக்கும்."

ட்ரிப்ஸும் இன்சுலினும் ஏறி இரண்டு நாள் கழித்து, வாய் வழியாகக் கொடுக்கலாம் என்றார்கள். ரூபி ஓடிப்போய் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஷாரோன் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ஒரு வார்த்தை பழக ஆறு மாதம் எடுக்கிற பிள்ளை, அம்மாவிடம் தண்ணீர் கேட்கக் கூடாது என்பதை மூன்றே நாளில் படித்துவிட்டாள்.