சமயநல்லூரிலிருந்து திரும்பிய பெட்டி

1946 தை மாதம் ஒன்பதாம் தேதி, மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்ட ரயிலின் கடைசிப் பெட்டி சமயநல்லூரில் தானாகக் கழன்று, எஞ்சின் இல்லாமலே திரும்பி வந்து முதல் பிளாட்பாரத்தில் நின்றது. அன்று கத்தரிக்காய் வீசை இரண்டணா. பெட்டிக்குள் ஐந்து அதிகாரிகள் இருந்தார்கள். நாட்டின் ரயில்வே தலைமையகத்தை எந்த ஊரில் வைக்கலாம் என்று பார்த்துவர டெல்லி அனுப்பிய குழு அது.

மதுரைக்காக மனு எழுதியவர் கிருபாகரன், பம்பாயில் ரயில்வே குமாஸ்தா. மனைவி பிலோமினாள் மதுரையில் மிஷன் பள்ளி ஆசிரியை. கல்யாணமான ஆறு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது நூற்றுப் பத்து நாள். தலைமையகம் மதுரைக்கு வந்தால் மாற்றல் கிடைக்கும். அதனால் லீவு போட்டு வந்து, நிலம், தண்ணீர், தூத்துக்குடிப் பாதை என்று அறுபது பக்கம் எழுதினார். குழுவோ எந்த ஊரிலும் காபிகூடத் தொட்டதில்லை, பாரபட்சம் வந்துவிடுமாம். மதுரைக்காரர்களுக்கு அது விநோதமாகப் படவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் பேசி முடிக்கும் வரை கை நனைக்க மாட்டார்கள், நனைத்தால் சம்மதம். ஆனால் பெட்டி திரும்புவதற்கு முந்தின நாள், ஒரு கல்யாண மண்டபத்தில் குழுவின் முன்னால் கிருபாகரன் நாற்பதாம் பக்கத்தை வாசித்தபோது மணி மூன்று. மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரர் சிஹாபுதீன், ஒரு கல்யாணத்துக்காக ஆக்கிய நெய்ச்சோற்றின் மூடியைத் திறந்தார். குழுத் தலைவர் எழுந்து போனார். மற்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள். ஐந்து பேரும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

"போச்சு, இன்னும் இருபது பக்கம் இருக்கு" என்றார் கிருபாகரன்.

"ஏங்க, அதான் கை நனைச்சுட்டாங்கல்ல? இனி மனு எதுக்கு?" என்றாள் பிலோமினாள்.

"அவங்க வடக்கத்திக்காரங்க. நம்ம வழக்கம் அவங்களுக்கு எங்க தெரியும்?"

சிஹாபுதீன் கரண்டியைத் தட்டினார். "தெரியாட்டிப் போகுது மாப்ள. இம்புட்டு வருசமா கல்யாணத்துக்கெல்லாம் ஆள் ஏத்திட்டுப் போற ரயிலுக்குத் தெரியாதா?"

ரயிலுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் பெட்டி திரும்பியது. இரண்டு எஞ்சின் பூட்டி அனுப்பினார்கள். எஞ்சின்களும் சேர்ந்து திரும்பின. அதிகாரிகள் வேறு ரயிலில் ஏறிப் பார்த்தார்கள். அதுவும், திட்டித் தீர்த்த முந்நூறு பயணிகளோடு, திரும்பியது. பங்குனியில் டெல்லி வேறோர் ஊரைத் தலைமையகமாக அறிவித்தது. அங்கே கட்டடமும் எழும்பியது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய ஐவரும் மதுரை பிளாட்பாரத்தில் இருந்ததால் கோப்புகளெல்லாம் இங்கேதான் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு குமாஸ்தா தேவைப்பட்டார். லீவு முடிந்து திரும்பிப் போயிருந்த கிருபாகரன், மாற்றல் கிடைத்து இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு பம்பாயிலிருந்து வந்து இறங்கினார். பிலோமினாள் அன்று பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டாள்.

1949இல் அவர்கள் மகளுக்கு ஞானஸ்நானம். வில்லாபுரம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த குழுத் தலைவர், இலை முன்னால் உட்காருமுன் இப்போது பழகிவிட்ட தமிழில் கேட்டார்: "இங்க சாப்பிட்டா வேற எதுவும் ஆகிடாதே?"

"ஒண்ணும் ஆகாது, உக்காருங்கண்ணே" என்றாள் பிலோமினாள்.

அவர் திருப்தியாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை, தண்டவாளமே இல்லாத வில்லாபுரத்தில், அவர்கள் வீட்டுக்கு எதிரே அந்த ரயில் பெட்டி ஐந்து அதிகாரிகளோடும் வந்து நின்றது. பால்காரர் அன்றிலிருந்து ஒரு படி கூடுதலாக ஊற்றினார்.